குதிரையும் விசையும்

துப்பாக்கியின் பின்புறம் எழுந்து விழுந்து தோட்டாவைத் தட்டும் உறுப்பைத் தமிழில் குதிரை என்று அழைப்பர். இந்தியிலும் அதன் பெயர் 'கோடா', பொருள் குதிரையேதான். விரல் இழுக்கும் உறுப்போ விசை. தொடக்ககாலச் சுழல் துப்பாக்கிகளில் இவ்விரண்டும் வெவ்வேறு வேலை செய்தன. ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் குதிரையைப் பின்னே ஏற்ற வேண்டும். ஏறிய குதிரையை விசை விடுவிக்கும். 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் இராபர்ட் ஆடம்ஸ் வைத்த துப்பாக்கியில், விசையை இழுத்தாலே குதிரை எழுந்து விழுந்தது. அதில் கட்டைவிரலுக்கு வேலையில்லை. இரண்டு வழிகளையும் ஒரே பொறியில் இணைத்தவர் பிரித்தானியப் பொறியாளர் படையைச் சேர்ந்த பியூமண்ட். அதற்கான காப்புரிமை 1856இல் பதிவானது. இரட்டைச் செயல் என்று இன்று சொல்லப்படுவது இதைத்தான். 1887இல் பிரித்தானியப் படை ஏற்ற வெப்லியும், அதன் வழியில் கான்பூர்ச் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் உருவான .32 ரிவால்வரும் இந்த இருவழியையே பின்பற்றின.

பெங்களூரு அல்சூரில் வாழும் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரிடம் அத்தகைய கான்பூர் ரிவால்வர் ஒன்று இருந்தது. 'தம்பிகள்' என்று அழைக்கப்படும் மதராஸ் சாப்பர்ஸ் படையில் பணியாற்றியவர் அவர். ஓய்வுக்குப் பின் தனியார் காவல் பணி கிடைத்ததற்கு அவருடைய ஆயுத உரிமமும் ஒரு காரணம். அந்தப் பணியையும் விட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. வயது எழுபதைக் கடந்துவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலின்போது வழக்கம்போல் ஆயுதத்தை ஒப்படைத்துத் திரும்பப் பெற்றார். பின்னர், அனுமதி பெற்ற சுடுதளமொன்றில் ஆறு தோட்டாக்களை இட்டு விசையை இழுத்தார். நான்கு வெடித்தன. இரண்டு முறை 'டக்' என்ற ஒலி மட்டுமே எழுந்தது.

வெடிக்காத தோட்டா தாமதித்து வெடிக்கக்கூடும் என்பது படையில் கற்ற பாடம். ஆகவே ஒவ்வொரு முறையும் முனையை இலக்கிலிருந்து விலக்காமல் அரை நிமிடத்திற்கும் மேலாகக் காத்திருந்தார். பின்பு அதே இரு தோட்டாக்களையும் மீண்டும் இட்டு, கட்டைவிரலால் குதிரையை ஏற்றிச் சுட்டார். இரண்டும் வெடித்தன.

உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் அவர் முதலில் சொன்னது இதைத்தான். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியை வைத்திருப்பதற்கு மட்டுமன்றி, பிறருக்காகப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். அத்தகையோர் நகரில் மிகச் சிலரே. அவர் சுபேதாரைவிட இளையவர். உருளை காலியாக இருப்பதைத் தம் கண்ணாலும் ஒருமுறை பார்த்த பிறகே பேச்சைத் தொடர்ந்தார்.

"பாதி நோயை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், சாப்," என்றார்.

அவர் கூற்றில் மிகையில்லை. தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரில் ஆழமான குழி விழுந்தும் வெடிக்கவில்லையெனில் குற்றம் தோட்டாவினுடையது. குழி நடுவிலிருந்து விலகியிருந்தால் உருளை குழாய்க்கு நேராக வந்து நிற்கவில்லை. குழி நடுவில் இருந்தும் ஆழமின்றி இருந்தால் அடியில் வலுவில்லை. இவற்றுள் மூன்றாவதே இங்கு நேர்ந்தது என்பதற்கு, இரண்டாம் அடியில் அதே தோட்டாக்கள் வெடித்தது ஒரு குறிப்பு. கட்டைவிரல் ஏற்றும்போது குதிரை முழுத் தொலைவும் பின்செல்கிறது. விசை மட்டும் இழுக்கும்போது சற்று முன்னதாகவே நழுவி விழுகிறது. ஓட்டம் குறையக் குறைய அடியும் குறையும். எனவே வலுவிழந்த ஸ்பிரிங் இரட்டைச் செயலில்தான் முதலில் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஆயினும் அவர் நேரே ஸ்பிரிங்குக்குச் செல்லவில்லை. எளியதை முதலில் விலக்குவதே அத்தொழிலின் ஒழுங்கு. மாதக்கணக்கில் அசையாமல் கிடந்ததால் உள்ளே எண்ணெய் கோந்தைப்போல் இறுகியிருந்தது. அதைக் கழுவித் துடைத்து, மெல்லிய எண்ணெய் இட்டுச் சோதித்தபோது, ஆறில் ஒன்று அப்போதும் தவறியது. அதன்பின்னரே குதிரையை இயக்கும் முதன்மை ஸ்பிரிங்கை வெளியே எடுத்தார். அதன் முதுகில் அரம் ஓடிய கோடுகள் தெளிவாகத் தெரிந்தன.

"இதை யார் தேய்த்தது, சாப்?"

சுபேதார் உடனே விடை சொல்லவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் வேறொரு பழுதுபார்ப்பவரிடம் அவரே கேட்டுச் செய்துகொண்ட வேலை அது. விரல் மூட்டுகளில் வலி தொடங்கிய காலம். விசை மிகவும் கனத்தது. இழுப்பை இலகுவாக்கித் தரும்படி கேட்டார், இலகுவாயிற்று. விசையும் குதிரையும் ஒரே ஸ்பிரிங்கைப் பகிர்ந்துகொள்ளும்போது, விரலுக்குக் குறைத்த கனம் தோட்டாவின்மேல் விழும் அடியிலிருந்தும் குறைந்தே தீரும். எண்ணெய் இளகியிருந்தவரை அந்தக் குறை வெளியே தெரியவில்லை.

தேய்ந்த ஸ்பிரிங்கை நிமிர்த்தியோ வளைத்தோ பழைய வலுவைக் கொடுக்கப் பழுதுபார்ப்பவர் மறுத்துவிட்டார். அது எப்போது முறியும் என்று சொல்ல இயலாது. முழுக் கனமுள்ள புதிய ஸ்பிரிங்கைப் பொருத்தினார். சுடுதளத்தில் பன்னிரண்டு தோட்டாக்களும் இரட்டைச் செயலில் பிழையின்றி வெடித்தன. ஆண்டுக்கு இத்தனை என உரிமத்தில் எழுதப்பட்ட தோட்டாக்களிலிருந்து செலவிட்ட பன்னிரண்டு அவை. துப்பாக்கியில் இனிக் குறையில்லை. ஆனால் ஒவ்வோர் இழுப்பிலும் சுபேதாரின் கை நடுங்கியது. இலக்குத் தாளில் ஏழு துளைகளே இருந்தன. எஞ்சிய ஐந்து எங்கே சென்றன என்பதைத் தாளுக்குப் பின்னிருந்த மண்மேடுதான் அறியும்.

"கட்டைவிரலால் ஏற்றிச் சுடுங்கள், சாப். இழுப்பு இலகுவாக இருக்கும்."

"தாளைச் சுடுவதற்கு அது போதும், தம்பி. வீட்டில் இருட்டில் எழுந்து நிற்கும்போது கை நடுங்கினால், அந்த ஐந்தும் யார் வீட்டுச் சுவரில் போய்ப் படும்?"

அல்சூரில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. அந்தக் கேள்விக்குப் பழுதுபார்ப்பவரிடம் விடையில்லை. ஸ்பிரிங்கை மீண்டும் தேய்க்குமாறு சுபேதாரும் கேட்கவில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் உரிமம் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். அவருடையதில் இன்னும் காலம் மீதமிருந்தது. இருப்பினும் அடுத்த வாரமே ரிவால்வரை உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் விற்பனைக்காக ஒப்படைத்து, இரசீது பெற்றார். இனி வாங்குபவருக்குத் தெரிந்திருக்கட்டும் என்று, தேய்ந்த பழைய ஸ்பிரிங்கையும் ஓர் உறையிலிட்டு அதனுடன் கொடுத்துவிட்டு வந்தார்.