டீச்சரின் இன்னொரு நோட்டு

என் அம்மா 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்தார். ஒட்டன்சத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அரசு நடுநிலைப் பள்ளிகளில் வேலை பார்த்து, 2014-ல் ஓய்வு பெற்றார்.

அவரிடம் எப்போதும் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்று, பாடக் குறிப்பேடு. அதிகாரி ஆய்வுக்கு வந்தால் எடுத்து நீட்டுவது. அதில் எல்லாப் பாடமும் திட்டப்படி நடந்திருக்கும், எல்லாப் பிள்ளைகளுக்கும் புரிந்திருக்கும். இன்னொன்று, உரக்கடையில் வருடாவருடம் இலவசமாகக் கொடுக்கும் டைரி. ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு அதில் நாலு வரி எழுதுவார். அன்றைக்கு வகுப்பில் எது சொதப்பியது, ஏன் சொதப்பியது என்பது மட்டும்தான் அதில் இருக்கும்.

நான் டீச்சர் இல்லை, வங்கியில் வேலை பார்க்கிறேன். ஆனால், அந்த டைரிகளைப் படித்த பிறகு, ஒரு டீச்சர் எப்படி நல்ல டீச்சர் ஆகிறார் என்று கொஞ்சம் புரிகிறது. அம்மாவின் சம்மதத்தோடு அதிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

'புரிஞ்சுதா?'

அம்மாவின் டைரியில் அதிகம் திட்டு வாங்கியிருப்பது இந்த ஒரு கேள்விதான். ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: 'நேற்று தசமம் முடித்தேன். புரிஞ்சுதா என்றேன். புரிஞ்சுது டீச்சர் என்று ஓடு அதிரக் கத்தினார்கள். இன்று 0.5 பெரிதா, 0.35 பெரிதா என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் 0.35 என்கிறார்கள். 5-ஐ விட 35 பெரிசாம்.'

யோசித்துப் பாருங்கள். 'புரியலை' என்று சொல்லும் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? எழுந்து நிற்க வேண்டும். நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். 'இவ்வளவு நேரம் எங்கே பார்த்துட்டு இருந்தே?' என்ற கேள்வி வரும். 'புரிஞ்சுது' என்று கூட்டத்தோடு சேர்ந்து சொல்லிவிட்டால் எந்த வம்பும் இல்லை. டீச்சருக்கும் நிம்மதி, பிள்ளைக்கும் நிம்மதி.

இது நம்மூர்ப் பிள்ளைகள் மட்டும் செய்வதில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்றொரு இயற்பியல் பேராசிரியர். 1984-ல் அங்கே பாடம் நடத்த ஆரம்பித்தவர். மாணவர்கள் அவருக்கு நல்ல மதிப்பெண் போட்டார்கள், கடினமான கணக்குகளையும் போட்டுக் காட்டினார்கள். தான் நன்றாகத்தான் நடத்துகிறோம் என்று அவரும் நம்பினார். 1990 வாக்கில், சூத்திரம் தேவைப்படாத எளிய கேள்விகள் கொண்ட ஒரு தேர்வை வைத்தார். கனமான லாரியும் சின்ன காரும் மோதிக்கொண்டால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்பதுபோன்ற கேள்விகள். இரண்டும் சம விசை என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. அந்த விதியை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால், தேர்வின் நடுவில் ஒரு மாணவி எழுந்து, 'நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதட்டுமா, நான் நினைக்கிறபடி எழுதட்டுமா?' என்கிற மாதிரி ஒரு சந்தேகம் கேட்டாராம்.

மசூரை உலுக்கிய கேள்வி அது. பிறகு அவர் வகுப்பையே மாற்றினார். கொஞ்ச நேரம் பாடம், பிறகு ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாகப் பதில் யோசிக்க வேண்டும், அடுத்து பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும். 1997-ல் அந்த முறையைப் புத்தகமாகவும் எழுதினார். தன் வகுப்பு எங்கே தோற்றது என்பதை அவர் மேடைகளில் வெளிப்படையாகவே சொல்லி வருகிறார்.

அம்மாவுக்கு மசூரைத் தெரியாது. அவர் செய்தது சின்ன வேலை. 'புரிஞ்சுதா?' என்பதை நிறுத்திவிட்டு, ஒரு கணக்கைக் கொடுத்து, 'எப்படிப் போட்டே, சொல்லு' என்று கேட்க ஆரம்பித்தார். கேட்டுவிட்டு, மனசுக்குள் ஐந்து வரை எண்ணுவார். அந்த ஐந்து எண்ணுவதற்குள் வாயை அடக்குவதுதான் பெரிய பாடு என்று எழுதியிருக்கிறார். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் இதையே அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக்கியதும் மாணவர்களின் பதில் நீண்டது, பேசாமல் இருந்த பிள்ளைகளும் பேசினார்கள்.

சந்தையில் கிடைத்த பாடம்

1996-ஆம் வருட டைரியில் ஒரு சம்பவம் மூன்று பக்கத்துக்கு ஓடுகிறது. ஆறாம் வகுப்புத் தேர்வு. 1.75 × 6 என்று ஒரு கணக்கு. ஒரு பெண் 10.50 என்று விடையை மட்டும் எழுதியிருக்கிறாள், வழிமுறை ஒரு வரிகூட இல்லை. மற்ற கணக்குகளில் பாதிக்கு மேல் தப்பு. அம்மா அவளை எழுப்பி, 'யாரைப் பார்த்து எழுதினே?' என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மௌனத்தையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, விடையைச் சிவப்பு மையில் சுழித்து, பூஜ்ஜியம் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை. சாக்கு விரித்துக் காய்களைக் குவித்து வைத்திருந்த ஒரு கடையில், டீ குடிக்கப் போன அப்பாவுக்குப் பதிலாகத் தராசைப் பிடித்திருந்தது அந்தப் பெண்தான். அம்மா முக்கால் கிலோ கத்திரிக்காய், ஒன்றேகால் கிலோ தக்காளி, அரை கிலோ சின்ன வெங்காயம் வாங்கினார். கத்திரி கிலோ எட்டு ரூபாய், தக்காளி ஆறு, வெங்காயம் பத்து. 'பதினெட்டரை ஆச்சுங்க டீச்சர்' என்று சொல்லி, இருபது ரூபாய்க்கு மீதி ஒன்றரை ரூபாயை எண்ணி வைத்தாள். தாள் இல்லை, பென்சில் இல்லை.

அம்மா கேட்டார்: 'ஒன்னே முக்கால் கிலோ தக்காளின்னா எவ்வளவு?'

'பத்தரைங்க டீச்சர்.'

'எப்படி?'

'ரெண்டு கிலோன்னா பன்னெண்டு. அதுல கால் கிலோ கம்மி. ஒன்னரை போனா பத்தரை.'

பரீட்சைக் கணக்கும் அதேதான். 'அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே?' என்று அம்மா கேட்டதற்கு அவள் சொன்ன பதில் டைரியில் அப்படியே இருக்கிறது: 'கடைக் கணக்குப் போட்டேன்னு சொன்னா திட்டுவீங்கன்னு நெனச்சேங்க டீச்சர்.'

அதற்குக் கீழே அம்மா எழுதியிருக்கும் வரி: 'இத்தனை வருடமாகத் தசமம் நடத்துகிறேன். முக்கால் என்ற சொல்லை ஒரு நாள்கூட வகுப்பில் சொன்னதில்லை.'

எனக்கு அந்த வரிதான் தைத்தது. கால், அரைக்கால், மா, முந்திரி என்று பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. அப்படிப்பட்ட மொழி பேசும் பிள்ளை, பள்ளிக்கூட வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தச் சொற்களையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறாள்.

பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத்தில் மூன்று ஆய்வாளர்கள் இதையே பார்த்து, 1985-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தெருவில் வியாபாரம் செய்யும் ஐந்து பிள்ளைகளிடம் வாடிக்கையாளர்போலப் பேசிக் கணக்குக் கேட்டார்கள். 100-க்கு 98 சரி. அதே மாதிரிக் கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியானது 100-க்கு 37 மட்டுமே. ஒரு தேங்காய் 35 என்றால் நான்கு தேங்காய் எவ்வளவு என்று கேட்டதற்கு, 12 வயதுப் பையன் மனக்கணக்காக 140 என்றான். தாளில் 35 × 4 என்று கொடுத்ததும், மீதி எண்ணை எங்கே கூட்டுவது என்று குழம்பி 200 என்று எழுதினான். இந்தியாவிலும் இப்படி ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் நடத்திய அந்த ஆய்வு, 2025-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. சந்தைப் பிள்ளைகள் பாடக் கணக்கில் திணறினார்கள், பள்ளியில் மட்டுமே படித்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டுக்கும் நடுவில் பாலம் போட வேண்டிய இடம் வகுப்பறைதான்.

வகுப்பு முன்னால் சொன்ன தப்பு

திங்கட்கிழமை அம்மா என்ன செய்தார்? அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லியிருக்கலாம். ஆனால், வகுப்பு முன்னால் சொன்ன தப்பை வகுப்பு முன்னால்தான் திருத்த வேண்டும் என்பது அவர் கட்சி. 'வியாழக்கிழமை இவ பார்த்து எழுதினதாச் சொன்னேன். அது என் தப்பு. இவ தானாத்தான் போட்டிருக்கா' என்று சொல்லி, மதிப்பெண்ணைத் திருத்தி, அவளையே கரும்பலகையில் போட்டுக் காட்டச் சொன்னார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அவள் கரும்பலகை முன் நின்று, ஒன்றும் எழுதாமல், இடத்துக்குத் திரும்பிவிட்டாள். அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதுதான் மறுபடியும் கை தூக்கியிருக்கிறாள். அன்றைய பக்கத்தில் ஒரே வரி: 'இன்று கை தூக்கினாள்.'

திருத்த வாய்ப்பே கிடைக்காததும் உண்டு. 1988-ல் ஒரு பையன் முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுவான். 'சோம்பேறி' என்று அம்மா பெயர் வைத்துவிட்டார், வகுப்பும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தது. சில வாரத்தில் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறித்துவிட்டு வந்த பையன் அவன் என்பது பிறகுதான் தெரிந்தது. வீடு தேடிப் போனபோது குடும்பமே திருப்பூருக்குப் போய்விட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் அவன் பெயரும், 'கேட்டிருக்கலாம்' என்ற ஒரு சொல்லும் மட்டும்தான்.

அதற்குப் பிறகு தூங்கி விழும் எந்தப் பிள்ளையிடமும் அம்மாவின் முதல் கேள்வி, 'காலைல எத்தனை மணிக்கு எழுந்தே?' என்பதுதான்.

நம்மில் பலர் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீட்டு டீச்சர்கள்தான். அம்மா இப்போதும் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் அவர் சொல்வது மூன்றே விஷயம். தப்பான விடையை அடிப்பதற்கு முன், அது எப்படி வந்தது என்று கேளுங்கள். சரியான விடைக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள். இல்லாவிட்டால், 'எப்படிப் போட்டே?' என்றாலே தப்பு என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். கோபத்தில் ஏதாவது சொல்லிவிட்டால், யார் யார் காதில் விழச் சொன்னீர்களோ அவர்கள் காதில் விழவே, 'நான் சொன்னது தப்பு' என்று சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் கஷ்டம் என்பார். அதை அவர் முதன்முதலில் ஒரு வகுப்பு முன்னால் சொல்வதற்கே 13 வருடம் ஆகியிருக்கிறது.