சில்லுக்கு நடுவில் இருக்கிற காற்று

கோழிக்குஞ்சுக்குக் கூளம் பரப்பிப் பழகிய ஊர் நாமக்கல். மரத்தூள், உமி, தேங்காய் மஞ்சித்தூள், கடலைத் தொலி என்று எது ஈரம் குடிக்கும், எது பூசணம் பிடிக்கும் என்பதைப் பண்ணையில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த அறிவோடுதான் விளையாட்டுத் திடல் அமைக்கும் மேஸ்திரியிடம் நான் கையாளாகச் சேர்ந்தேன். பாதி உதவியது. மீதியை அவர் தலைகீழாகத் திருப்பிவிட்டார்.

பண்ணையில் கூளம் ஈரத்தை உறிஞ்ச வேண்டும். பிள்ளைகள் விழும் இடத்தில் மரச்சில்லு பரப்பும் திடலிலோ தண்ணீர் தங்காமல் கீழே இறங்க வேண்டும். "புள்ளையத் தாங்கறது மரமில்ல கண்ணு, சில்லுக்கு நடுவால இருக்கற காத்து" என்பார். விழும் பிள்ளையின் எடை பட்டதும் சில்லுகள் நகர்கின்றன, இடைவெளி சுருங்குகிறது, வேகம் ஒரே அடியாக நிற்காமல் சற்று இழுத்து நிற்கிறது. தூள் கூடினால் அந்த இடைவெளி அடைந்துபோகும். மரத்தூள் மழையில் அடைபோல இறுகும், காய்ந்தால் கண்ணில் பறக்கும். இழைப்புச் சுருள் கைக்கு மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் பிள்ளைகள் மிதிக்க மிதிக்க நொறுங்கித் தூளாகிவிடும்.

ஐரோப்பியத் தரவிதி இ.என். 1176 மரச்சில்லுக்கு 5 முதல் 30 மில்லிமீட்டர், மரப்பட்டைக்கு 20 முதல் 80 மில்லிமீட்டர் என்று அளவு சொல்கிறது. மேஸ்திரியிடம் இருப்பது கொத்தனார் சல்லடைகள் இரண்டு. பெரிய கண்ணில் தங்குவதும் வேண்டாம், சின்னக் கண்ணில் விழுவதும் வேண்டாம். கணக்கு ஒன்றுதான்.

எந்த மரம் என்பதைவிட எங்கிருந்து வந்த மரம் என்பதே அவருக்கு முதல் கேள்வி. பள்ளிபாளையத்தில் சேஷசாயி நிறுவனத்தின் காகித ஆலை, காவிரிக்கு அக்கரையில் காகிதபுரத்தில் டி.என்.பி.எல். ஆலை. இரண்டுக்கும் சவுக்கும் தைலமரமும் போகிற வட்டாரம் இது. அதனால் பட்டை உரித்த சுத்தமான கட்டை தேடினால் கிடைக்கும். சீமைக்கருவேலம் இன்னும் மலிவு. முள்ளைப் பொறுக்கி முடியாது என்று அதைத் தொடவே மாட்டார்.

மலிவு என்றால் லாரி பாடி கட்டும் பட்டறைக் கழிவுதான். ஊரெங்கும் கிடைக்கும். அதில்தான் நான் அதிகம் கற்றேன். பெயின்ட் பூசியதைத் தள்ளு, ஆயில் குடித்ததைத் தள்ளு, பிளைவுட்டில் பசை இருக்கும், தள்ளு. ஏற்றுமதிப் பெட்டி மரத்தில் முத்திரையைப் பார்க்க வேண்டும்: 'எச்.டி.' என்றால் சூட்டில் பதப்படுத்தியது, 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகை காட்டியது. பச்சைச் சாயல் தட்டும் பழைய மரத்தில் செம்பு, குரோமியத்தோடு ஆர்சனிக்கும் ஏறியிருக்கலாம். அந்தப் பதப்படுத்தலை அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு 2003 முடிவோடு கைவிட்டார்கள். எல்லாம் தள்ளி மிச்சமானதையும் பழைய ஸ்பீக்கர் காந்தத்தால் துழாவி ஆணி எடுப்போம். கூலியைச் சேர்த்துப் பார்த்தால் மலிவு என்பதே போய்விடும். இது தெரிந்தும் ஆண்டுதோறும் யாராவது "பட்டறையிலேயே அள்ளிக்கலாமுங்களே" என்று கேட்பார்கள்.

அப்புறம் ஆழம். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கையேட்டின்படி, மிதிபட்டு இறுகிய 9 அங்குல மரச்சில்லு 10 அடி உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும், அதே கனத்து மணல் 4 அடிக்குத்தான். சில்லு கால்பங்கு இறுகிவிடும் என்பதால் முதலில் 12 அங்குலம் கொட்ட வேண்டும். ராசிபுரம் பக்கம் ஒரு பள்ளியில் செலவு பார்த்து பாதிதான் கொட்டச் சொன்னார்கள். மேஸ்திரி ஏறுகம்பியின் உயரத்தைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

அடியில் ஜல்லி, மேலே துணிவிரிப்பு, அதன்மேல் சில்லு. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் பூசணம் வரும். பண்ணையில் நனைந்த கூளத்துப் பூசணத்தால் குஞ்சுகளுக்கு மூச்சுமுட்டுவதைப் பார்த்தவன் நான், இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு குறை உண்மையாகவே உண்டு: சக்கர நாற்காலி சில்லில் புதையும். அதற்குத் தனிப் பாதை கட்டியே ஆக வேண்டும்.

ஊஞ்சலுக்கு அடியில் பிள்ளைகள் காலால் உதைத்தே குழி பறித்துவிடுவார்கள். தூணில் 12 அங்குலத்துக்கு ஒரு பெயின்ட் கோடு போட்டு, கோடு தெரிந்தால் வாரி நிரப்பும்படி காவலாளிக்குச் சொல்லி வருவோம். அடியில் மக்கிப்போனதைச் சலித்தெடுத்து, கேட்கிறவர்களின் தென்னை வட்டப்பாத்திக்குக் கொடுத்துவிடுவோம். அதற்குக் காசு வாங்குவதில்லை.