விழா ஒன்று, ஊர் பல

தலைநகரில் குடியேறிய எங்களுக்கு, நான்காண்டுக்கு ஒருமுறை கிட்டும் பயணச் சலுகையே பாரதத் துணைக்கண்டத்தைக் காட்டிற்று. விஜயதசமி ஒன்றையே எத்தனை கோலங்களில் கண்டோம்! 1912இல் கட்டி முடிந்த மைசூர் அரண்மனையிலிருந்து தங்க அம்பாரியில் சாமுண்டேசுவரி பவனி வந்தாள். யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் 2021இல் இடம்பெற்ற கொல்கத்தா துர்க்கா பூசையிலோ, அன்னையின் திருவுருவங்கள் நீரில் கரைந்தன. பிற ஊர்களில் விழா நிறைவுறும் அந்நாளில்தான் குலுப் பள்ளத்தாக்கில் அது தொடங்கிற்று.

ஆயினும் நெஞ்சில் நின்றது தில்லியில் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததே. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கொலுவின் முன் அமர்ந்திருந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் மகள் ஓடி வந்தாள்.

"செங்கோட்டை மைதானத்தில் இராவணனைக் கொளுத்தப் போகிறார்கள். நம்ம ஊர்த் திருவிழா, பாட்டி! சீக்கிரம் வாங்க!"

'நம்ம ஊர்' என்ற சொல் அம்மாவைத் தைத்தது, முகம் வாடிற்று. நாங்கள் வாயடைத்து நின்றோம். சற்றுப் பொறுத்து அவர் எழுந்தார்.

"விளக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எங்களிடம் கூறிவிட்டு, பேத்தியின் கையைப் பற்றிக்கொண்டு படியிறங்கினார்.

எங்கள் ஊர் எது என்று நாங்கள் இன்றும் தேடுகிறோம். அவ்விருவரும் அன்று தேடவில்லை.