ரம்லியை நாயகனாக்கிய மதராஸ்காரர்

மே 29, 2025, வியாழன்

ஜொகூர் பாலத்தில் நெரிசல். சிங்கப்பூரில் வேலை முடித்துத் தம்போய் வந்து சேர ஒன்பதரை. 1973இல் இதே நாளில்தான் மலாய்த் திரை நாயகனும் பாடகருமான பி. ரம்லி காலமானார். அம்மா தொலைக்காட்சியில் அவர் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இவர முதல்ல ஹீரோவா போட்டது நம்ம ஆளும்மா, எல். கிருஷ்ணன்."

"யாரு, தபேலா வாசிப்பாரே, அவரா?"

டைரக்டரின் புகழ் இவ்வளவுதான்.

மே 30, வெள்ளி

1922இல் மதராஸில் பிறந்து, சிறு பிள்ளையாகப் பினாங்குக்கு வந்தவர் கிருஷ்ணன். ஆட்டம், பாட்டு, அழுகை கலந்த இந்தியப் படங்கள் மலாய் ரசிகர்களையும் கட்டிப்போட்டதால், ஷா சகோதரர்கள் தங்கள் சிங்கப்பூர் ஸ்டூடியோவுக்கு டைரக்டர்களையே இந்தியாவிலிருந்து வரவழைத்தார்கள். அந்தக் கூட்டத்தில், பினாங்கில் வளர்ந்த இவருக்கு மலாய் அந்நியமில்லை.

ரம்லி 1948இல் பி. எஸ். ராஜ்ஹன்ஸின் 'சிந்தா'வில் வில்லன். நாயகனுக்குக் குரல் மட்டும் இரவல் கொடுத்தார். பருத்தழும்பு முகம், அன்றைய நாயக லட்சணத்துக்கு ஒத்துவராது. அந்த முகத்தைத்தான் கிருஷ்ணன் 1950இல் 'பக்தி'யின் நாயகனாக்கினார்.

ஜூன் 1, ஞாயிறு

பசியாறிவிட்டு லார்க்கினில் 170 பஸ் பிடித்தேன். சிங்கப்பூரின் பாலஸ்தியர் வட்டாரத்தில் ஜாலான் அம்பாஸ், எண் 8. ஷா சகோதரர்களின் ஸ்டூடியோ 1967இலேயே மூடப்பட்டது. சின்னச் சந்து; இங்கிருந்தா இத்தனை படங்கள்!

அன்று இங்கே டைரக்டரும் சம்பளக்காரர். சோவியத்தின் மோஸ்ஃபிலிம் ஸ்டூடியோவிலும் அதே கதை, முதலாளி மட்டும் அரசாங்கம். டைரக்டர் தார்க்கோவ்ஸ்கி 1962 முதல் 1979 வரை அங்கே முடித்த முழுநீளப் படங்கள் ஐந்தே. கிருஷ்ணனோ 1950இல் மட்டும் 'பக்தி', 'தக்டிர் இலாஹி' என இரண்டு. அங்கே அனுமதிக்காகக் காத்திருப்பு, இங்கே மூச்சுவிட நேரமில்லை.

ஜூன் 3, செவ்வாய்

1955இல் 'பெனாரிக் பேச்சா' எடுத்து ரம்லியும் டைரக்டரானார். 1957இல் ஸ்டூடியோ ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சங்கத் தலைவரும் அவரே. மலாய்க் கதையை மலாய்க்காரரே எடுக்கட்டும் என்ற குரல் வலுத்தது, அது நியாயமும்கூட. இந்திய டைரக்டர்களின் காலம் மெல்ல முடிந்தது. கிருஷ்ணன் அதற்கு முன்பே போட்டி ஸ்டூடியோவான கேத்தே-கெரிசுக்கு மாறியிருந்தார், பிறகு கோலாலம்பூர். இந்த மண்ணிலேயே தங்கிவிட்டார்.

அம்மாவிடம் 'நம்ம ஆள்' என்று பெருமையடித்தேனே, அதில் பாதிதான் உண்மை. மலாய்ப் படம் எடுத்தே வாழ்ந்தவர் மலாய்க்காரர்களுக்கும் சொந்தம். அவர்களும் உரிமை கொண்டாடினால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.