தங்கம் தீர்ந்த ஊரில் காதல்

சாம்பியன் ரீப்ஸில் காதலின் எதிரிகள் பட்டியலில் சாதி, மதத்தோடு ரயில் கால அட்டவணைக்கும் இடம் உண்டு. மாரிக்குப்பத்தில் விடியற்காலையில் கிளம்பும் ரயில் சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ஆட்களை அள்ளிக்கொண்டு பங்காரப்பேட்டை வழியாக பெங்களூர் போகிறது. சுமார் 100 கிலோமீட்டர். வேலை முடிந்து வீடு திரும்பும்போது இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் தூங்கவும் சரியாகப் போய்விடுகிறது.

இருந்தும் காதலிக்கிறார்கள், அதே ரயிலில். உட்கார இடம் பிடித்துக் கொடுப்பதில் தொடங்குவது, 'மாப்பிள்ளைக்கு பெங்களூரில் வீடு இருக்கிறதா?' என்று பெண் வீட்டார் கேட்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு அவசியமில்லை. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட வந்த பிறகு வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து தமிழர்கள் இங்கே குடியேறினார்கள். சிவசமுத்திரத்து மின்சாரம் 1902-லேயே தங்கவயலுக்கு வந்தது. பெங்களூர் 1905 வரை காத்திருந்தது. பாறை வெடிப்பு, நுரையீரலை அரிக்கும் தூசி என்று ஆபத்துகள் இருந்தாலும் மாதச் சம்பளமும் லைன் வீடும் உறுதி. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது கல்யாணச் சந்தையில் அந்த மதிப்பும் சேர்ந்து சரிந்தது.

நாற்பதைத் தாண்டியும் மணமாகாத ஆண்களை இந்த ரயிலில் தேடி அலைய வேண்டியதில்லை. காவலாளி வேலைக்குப் போகும் ஒருவருக்கு மூன்று முறை கைகூடவில்லை. ஒருத்தி சொந்த வீட்டுக்காரரை மணந்தாள். இன்னொருத்தியின் வீட்டில் சாதி குறுக்கே வந்தது. மூன்றாமவள் திடீரென ரயிலில் வருவதையே நிறுத்திவிட்டாள். ஆனாலும் காலை நாலு மணிக்கு எழுந்து சட்டையை இஸ்திரி போட அவர் மறப்பதில்லை. சங்கப் பாடல்களின் பாலைத்திணையில் பொருள் தேடிப் போனவனுக்காகத் தலைவி காத்திருந்தாள். இங்கே பொருள் தேடிப் போகிறவர் தினமும் திரும்பிவிடுகிறார், காத்திருக்கத்தான் ஆளில்லை.

ஊருக்கு வெளியே செடிகொடி அண்டாத சயனைடு மண்மேடுகள். 2018-ல் வெளியான 'கேஜிஎஃப்' படத்துக்காக கேமராக்கள் அங்கே வந்து போயின. சுரங்கத்துக்கு உலகளாவிய டெண்டர் விட 2013-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. மண்மேடுகளில் மிச்சத் தங்கம் எடுக்கும் யோசனைக்கு 2024-ல் கர்நாடக அமைச்சரவை சம்மதித்தது. ஒவ்வொரு செய்தி வரும்போதும் ஊர் நிமிர்ந்து உட்கார்கிறது, பிறகு தளர்கிறது.

ஆரம்பத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசியில் அது சுமார் மூன்று கிராம். அதற்காகவும் இவர்களுடைய அப்பாக்கள் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை தினமும் இறங்கினார்கள். அந்தப் பரம்பரையில் வந்தவர், நாளைக்கும் சாம்பியன் நிலையத்தில் பக்கத்து இருக்கைக்குத் துண்டு போட்டு வைப்பார்.