அறுவடையில் அநாதையின் பங்கு

அறுவடைக்கு ஆள் போதவில்லை என்று நம் ஆண்டவர் சீடர்களிடம் சொன்ன செய்தி மத்தேயு நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில் வருகிறது. பூசையில் அதை வாசிக்கக் கேட்டதும் தேவ அழைத்தலையும் கன்னியர் மடத்தையும் எண்ணிக்கொள்ள நாம் பழகியிருக்கிறோம். எனக்கோ என் ஆயாவின் இடக்கைச் சுண்டுவிரல்தான் நினைவுக்கு வரும்.

ஆயா பிறந்தது மீஞ்சூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில். தை பிறக்கும் வேளையில் சம்பா நெல் தலை சாய்ந்து நிற்கும். அப்போது எட்டு வயதுச் சிறுமியின் கையிலும் கதிர் அரிவாள்! இடக்கையால் தாளைப் பற்றி வலக்கையால் அறுக்க வேண்டும். பெரியவர்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் போய், அரிவாள் விரலில் பாய்ந்துவிட்டது. தழும்பு இன்றும் இருக்கிறது. வேலை பெரியவர்களோடு சமம். கூலி மட்டும் பாதி. மாலையில் களத்தில் சிந்திய நெல்லைப் பொறுக்கிக்கொள்ளலாம், அதுவும் மேற்பார்க்கும் ஆளின் மனம் போல. இன்று ஆயா ஜெபப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொள்வார்; வாசிப்பது நான்.

தோழியரே, உபாகமம் 24-ஆம் அதிகாரத்தைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். வயலில் மறந்து விட்டுவந்த கதிர்க்கட்டை எடுக்க நிலக்காரன் திரும்பிப் போகலாகாது. அது அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது என்பது மோயீசன் வழியாக வந்த சட்டம். அங்கே அநாதைப் பிள்ளைக்குக் கிடைப்பது ஏற்கனவே அறுத்துக் கட்டிய கட்டு அன்றோ? அறுத்துக்கொள் என்று அரிவாளை அவன் கையில் கொடுக்கவில்லை. விளைச்சலில் பிள்ளைக்குப் பங்கு உண்டு, பாரம் இல்லை. ஆள் போதவில்லை என்று வருந்திய ஆண்டவரும், அந்தக் குறையை நிரப்பக் குழந்தைகளைக் கூப்பிடவில்லை.

நம் இராயபுரத்தில் ஏது வயல் என்று கேட்பீர்கள். இது இராயப்பரின் பெயரைத் தாங்கிய ஊர், அவரோ மீனவர். கடல்தான் நம் வயல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கப் போகக் கூடாது. தடை முடிந்து போன படகுகள் காசிமேட்டுக்குத் திரும்பும் நாட்களே நமக்கு அறுப்புக் காலம். பள்ளிக்கூடம் திறப்பதும் அதே ஜூனில்! ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் முறை எதிர்ப்பு நாள் என்பது அந்தப் பரபரப்பில் யாருக்கு நினைவிருக்கும்?

2024-ஆம் ஆண்டில் உலகில் 13 கோடியே 80 லட்சம் பிள்ளைகள் தொழிலாளராய் இருந்தனர் என்று சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் யூனிசெஃபும் கணக்கிட்டுள்ளன. அவர்களுள் நூற்றுக்கு 61 பேர் விவசாயத்தில். மீன்பிடித் தொழிலும் அந்தக் கணக்கில்தான் அடங்கும்.

நம் நாட்டில் 1986-ல் வந்த சட்டம் 2016-ல் திருத்தப்பட்டது. 14 வயது நிறையாதவரை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்கிறது அது. ஆயினும் பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம் என்றும் இடம் தருகிறது. இந்தக் கைகொடுத்தல் எங்கே முடிந்து கூலிவேலை எங்கே தொடங்குகிறது? தாய்க்கு உதவுவது தவறா என்ன? நான்காம் கற்பனையே அதைத்தானே கேட்கிறது! ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இறால் உரித்த பிள்ளை, இரண்டாம் பீரியடில் கணக்குப் புத்தகத்தின் மேல் தலை சாய்க்கிறாள் என்றால், அதற்கு உதவி என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் தங்கை ஒருத்தி இருக்கிறாள். இறாலின் முள் குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் சிவந்திருக்கும். பேனா பிடிக்கக் கூசும் என்பாள். சென்ற ஜூனில் படகுகள் கரைக்கு வந்த மறுநாள், அவள் பள்ளிக்கு வரமாட்டாள் என்றே நினைத்தேன். ஆனால் தெருமுனையில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் அம்மா தனியாகவே உரிக்க உட்கார்ந்துவிட்டாராம். "ரெண்டு கூடை கொறைஞ்சா கொறையட்டும், நீ இஸ்கூலுக்குப் போடி" என்றாராம்.

அன்று அந்த வீட்டில் எவ்வளவு பணம் குறைந்தது என்று நான் கேட்கவில்லை.