ரிப்பன் வளையம்

வளையம் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது இறந்தோர்க்குச் சாத்தும் மலர்வளையமே. ஆகவேதான், சென்ற ஆண்டு எங்கள் பங்குத்தந்தை இல்லந்தோறும் திருவருகை வளையம் அமைக்குமாறு மறையுரையில் கேட்டுக்கொண்டபோது, வீட்டுப் பெரியவரான எங்கள் தாயார் முகம் சுளித்தார்கள். "பண்டிகை வருகிற வீட்டில் வளையமா? நல்லதற்கா இது?" என்றார்கள்.

நாங்கள் அறிந்ததை அவர்களுக்கு எடுத்துச் சொன்னோம். செர்மனி நாட்டு ஆம்பர்க் நகரில், ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திவந்தவர் விக்கெர்ன் என்னும் லூத்தரன் சபைப் போதகர். கிறிஸ்து பிறப்பு விழா என்று வரும் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்கவே, 1839-ஆம் ஆண்டு அவர் மரவளையம் ஒன்றில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தினார். வாரநாள்களுக்குச் சிறியவை, நான்கு ஞாயிறுகளுக்கு நான்கு பெரியவை. நாளுக்கு ஒன்றாக ஏற்றி, விழாவை எண்ணக் கற்றுக்கொடுத்தார். பின்னர் நான்கு மெழுகுவர்த்திகள் மட்டும் நிலைத்தன. கத்தோலிக்கராகிய நாமும் அவ்வழக்கத்தை ஏற்றுக்கொண்டோம். தொடக்கமும் முடிவும் இல்லாத வட்டம், இறைவனின் முடிவில்லா அன்பைக் குறிக்கின்றது.

"அப்படியானால் செய்யுங்கள்" என்று தாயார் இசைந்தார்கள்.

மேல்நாட்டாரின் ஊசியிலைக் கிளைகளுக்கு நாங்கள் எங்கே போவது? நம் வெயிலில் எந்தத் தழையும் நான்கு வாரம் வாடாமல் இராது. எனவே ரிப்பனால் செய்யத் துணிந்தோம். வலை கிழிந்த மாவுச் சல்லடையின் மரவட்டம் அடிப்படையாயிற்று. பழந்துணியை அதன்மேல் இறுகச் சுற்றினோம். ரிப்பனைச் சாண் அளவாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் முடிச்சிட்டு, இடைவெளி தெரியாமல் நெருக்கினோம். ரிப்பன் எளிதில் தீப்பற்றுமாதலால், மெழுகுவர்த்திகளை அதன்மேல் நிறுத்தவில்லை. வளையத்தின் நடுவே மணல் நிரப்பிய நான்கு அகல்களில் நட்டோம். மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிறாகிய மகிழ்ச்சி ஞாயிறுக்கு ஒன்று ரோசா நிறம்.

ரிப்பனை நாங்கள் கடையில் வாங்கவில்லை. பரண்மேல் இருந்த பழைய பிஸ்கட் டப்பாவில் சுருள் சுருளாக இருந்தது. எங்கள் மகள் இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்குச் சென்ற காலத்து ரிப்பன் அது. அவள் எங்கள் விருப்பத்திற்கு மாறாக மணமுடித்துக்கொண்டு சென்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவள் பெயரை நாங்கள் வீட்டில் உச்சரிப்பதில்லை. ஆயினும் டப்பாவை எறிய எங்களில் எவருக்கும் மனம் வரவில்லை.

முதல் ஞாயிறு மாலை குடும்ப செபத்தில் முதல் விளக்கை ஏற்றினோம். தாயார் வளையத்தைத் தடவிப் பார்த்தார்கள். "இது பிள்ளையின் ரிப்பன் அல்லவா?" என்றார்கள். நாங்கள் மறுமொழி கூறவில்லை. இரண்டாம் ஞாயிறும் அவ்வாறே கழிந்தது. மூன்றாம் ஞாயிறு, ரோசா நிற விளக்கை ஏற்றும் வேளையில் தாயார் மெல்லச் சொன்னார்கள்: "பிள்ளையின் ரிப்பனை வைத்துக்கொண்டு, பிள்ளையை வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறோம். இதில் மகிழ்ச்சி எங்கே?"

பீடத்தின்முன் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் உறவைச் சரிசெய்யுமாறு பணித்த ஆண்டவரின் திருமொழி எங்களைச் சுட்டது. அன்றிரவே தொலைபேசியில் அழைத்தோம். முதலில் மறுமுனையில் அழுகை மட்டுமே கேட்டது. எங்கள் முனையிலும் அதுவே.

நான்காம் ஞாயிறு அந்திவேளையில் இருவரும் வந்தனர். மகள் உள்ளே வந்துவிட்டாள். அவள் கணவரோ படியேறத் தயங்கி நின்றார். தாயார் குரல் கொடுத்தார்கள்: "விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் நிற்கலாமா, மாப்பிள்ளை? உள்ளே வாருங்கள்." அச்சொல் எங்கள் வீட்டில் ஒலித்தது அன்றுதான் முதன்முறை. நான்காம் விளக்கை அவரே ஏற்றினார்.

எல்லாக் கசப்பும் ஒரே நாளில் தீர்ந்துவிட்டதென்று நாங்கள் சொல்லமாட்டோம். பேசித் தீர்க்க வேண்டியவை இன்னும் உள. ஆனால் பேசுகிறோம்.

அன்பர்களே, இவ்வாண்டு உங்கள் இல்லத்திலும் வளையம் செய்யுங்கள். செலவு நான்கு மெழுகுவர்த்திகள் மட்டுமே. செய்து முடித்தபின், அதைச் சுற்றி அமரவேண்டியவர் எல்லாரும் இருக்கிறார்களா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். குறைந்தவரை அழைக்க நான்கு வாரம் இருக்கின்றது.